வெட்டும் மெசின் வாங்குமுன் வெட்டும் நேரத்தை எண்ணிப் பாருங்கள்

கடந்த ஆண்டு பெருமழைக் காலத்தில் ஒரு நாள் பின்னேரம், என் சகோதரியின் மகன் பூண்டுலோயா பஸாரிலுள்ள எமது கடைக்கு ஒரு பத்திரிகைத் துண்டையும் ஒரு பற்றுச்சீட்டையும் எடுத்துக்கொண்டு வந்தார். கட்டாரில் நான்கு வருடம் இருந்து மிச்சம் பிடித்த 300,000 ரூபா அவரிடம் இருந்தது. அதில் 25,000 ரூபாவை ஒரு முகவரிடம் முற்பணமாகக் கட்டிவிட்டுத்தான் என்னிடம் யோசனை கேட்க வந்திருந்தார். எங்களில் பலரும் இப்படித்தான். காலை வைத்த பிறகுதான் ஆழம் கேட்கிறோம்.

அவர் வாங்க நினைத்தது துணி வெட்டும் டை மெசின். ஆடைத் தொழிற்சாலைகளில் மிஞ்சும் வெட்டுத்துண்டுகளைக் கிலோக் கணக்கில் வாங்கி, ஒட்டுத்துணிப் போர்வை தைக்கும் சிறு தொழிலொன்றை அவர் கடையின் மேல்மாடியில் தொடங்கியிருந்தார். மேலே துண்டுத்துணி, நடுவில் பொலியெஸ்டர் பஞ்சு, கீழே ஒரு முழுத்துணி. மூன்றையும் சேர்த்துத் தைத்தால் வெளிநாட்டார் ‘குவில்ட்’ என்று சொல்லும் போர்வை. நமது குளிருக்கு ஏற்ற சாமான். நுவரெலியாவில் விடுதி நடத்துவோர் சிலரும் கேட்டு வாங்கினார்கள். சுற்றிலுமுள்ள தோட்டங்களைச் சேர்ந்த நான்கு பெண்கள் அவரிடம் வேலை செய்தார்கள். மாதம் 12 போர்வை முடிந்தது.

“மாமா, கத்தரிக்கோலால் வெட்டித்தான் காலம் போகுது. மெசின் வந்தா ஒரு நாளைக்கு அஞ்சு போர்வைக்கு வெட்டித் தள்ளலாம்” என்றார்.

“வெட்டலாம் மகன். அஞ்சு போர்வையையும் தைக்கிறது யார்?” என்று கேட்டேன்.

அவரிடம் பதில் இல்லை. என்னிடமும் அன்று முழுப் பதில் இருக்கவில்லை. இருவரும் ஒரு கொப்பியை எடுத்துக்கொண்டு மேல்மாடிக்குப் போனோம். அங்கே மூன்று நாட்கள் எண்ணிப் பார்த்ததைத்தான் இந்த வாரம் எழுதுகிறேன். போர்வை தைக்காதவர்களும் வாசியுங்கள். மெசின் வாங்க நினைக்கும் எவருக்கும் இந்தக் கணக்கு பொருந்தும்.

இந்த மெசின் என்ன செய்கிறது?

‘டை’ என்பது வெட்டு அச்சு. ஒரு பலகையில், வேண்டிய வடிவத்துக்கு வளைத்த கூரிய உருக்குத் தகட்டை நிறுத்திப் பதித்திருப்பார்கள். தகட்டின் இரு பக்கமும் ஸ்பொஞ் ஒட்டியிருக்கும். அதுதான் வெட்டிய துணியை மேலே தள்ளிவிடும். அச்சின் மேல் துணியை அடுக்கி, அதன் மேல் ஒரு பிளாஸ்ரிக் தட்டை வைத்து, இரண்டு உருளைகளுக்கு நடுவே கைப்பிடியைச் சுற்றி அனுப்பினால், அழுத்தத்தில் துணி அந்த வடிவத்துக்கு வெட்டுப்படும். பருத்தித் துணியென்றால் பொதுவாக ஆறு மடிப்பு வரை ஒரே தடவையில் வெட்டலாம்.

புதிய தத்துவம் ஒன்றுமல்ல. கல்யாண அழைப்பிதழையும் அட்டைப் பெட்டியையும் அச்சகத்தார் இதே முறையில்தான் வெட்டுகிறார்கள். தமிழ்நாட்டில் ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டை பக்கத்துப் பாதணித் தொழிற்சாலைகளில் தோலை வெட்டும் ‘கிளிக்கர் பிரஸ்’ இதற்கு மூத்த அண்ணன். அது பல தொன் அழுத்தத்தில் அச்சைத் தோலின் மேல் இறக்கும். இதே விடயத்தை வீட்டு மேசையில் வைக்கும் அளவுக்குச் சிறிதாக்கி, போர்வை தைப்போருக்கென்று விற்கிறார்கள். அமெரிக்காவின் ஒமாஹா நகரிலுள்ள அக்யூகுவில்ட் நிறுவனம் 2009இல் ‘கோ’ என்ற கை மெசினைச் சந்தைக்கு விட்ட பிறகுதான் வீட்டுத் தையற்காரர் மத்தியில் இது பரவலானது.

ஆடைத் தொழிற்சாலைகள் கற்றுத்தரும் பாடம்

இலங்கையில் 1978இல் கட்டுநாயக்க வர்த்தக வலயம் தொடங்கியது. 1992இல் ஜனாதிபதி பிரேமதாசவின் 200 ஆடைத் தொழிற்சாலைத் திட்டம் வந்தது. அதன் பின் கிராமப்புறங்களிலும் ஆடைத் தொழிற்சாலைகள் உருவாகின. நமக்கு வெட்டுத்துண்டு கிடைப்பதும் இவ்வாறான தொழிற்சாலைகளிலிருந்துதான்.

அங்கே வேலை செய்தவர்களிடம் கேட்டுப் பாருங்கள். சட்டையின் முன்பக்கம், பின்பக்கம், கை எல்லாவற்றையும் டை வைத்தா வெட்டுகிறார்கள்? இல்லை. நீண்ட மேசையில் துணியைப் பல மடிப்பாக விரித்து, நேர்க்கத்தி மெசினால் அல்லது கணினி மெசினால் வெட்டுகிறார்கள். டை வைக்கும் இடங்கள் சில உண்டு. கொலர், கைப்பட்டி, பையின் மூடி, அவற்றுக்குள் வைக்கும் கஞ்சித்துணி. இவை சிறியவை, வளைவுள்ளவை, ஆயிரக்கணக்கில் ஒரே அச்சாக வர வேண்டியவை. ஒரு நூல் பிசகினாலும் கொலரின் இரண்டு முனையும் இரண்டு விதமாக நிற்கும்.

இலட்சக்கணக்கில் தைக்கும் தொழிற்சாலையே டையை எல்லாவற்றுக்கும் பாவிப்பதில்லை. சிறிய துண்டு, சிக்கலான வடிவம், பெரிய எண்ணிக்கை ஆகிய மூன்றும் சேர்ந்த இடத்தில்தான் பாவிக்கிறது. இதை மனதில் வைத்துக்கொண்டு நமது போர்வைக்கு வருவோம்.

மேல்மாடியில் எண்ணியது

மருமகனின் வழமையான போர்வை 60 அங்குலம் அகலம், 90 அங்குலம் நீளம். தைத்த பின் 5 அங்குலமாக நிற்கும் சதுரங்கள். தையலுக்கு இரு பக்கமும் கால் கால் அங்குலம் விட்டு ஐந்தரை அங்குலமாக வெட்ட வேண்டும். அகலத்துக்கு 12, நீளத்துக்கு 18, மொத்தம் 216 துண்டு.

கடிகாரத்தை வைத்து எண்ணினோம். அட்டை வைத்துக் கோடு கீறிக் கத்தரிக்கோலால் வெட்ட, ஒரு துண்டுக்குச் சராசரியாக ஒரு நிமிடம். 216 துண்டுக்கு 3 மணித்தியாலம் 36 நிமிடம். வெட்டுமுன் துண்டுகளை அயன் பண்ணி, நிறம் பிரித்து அடுக்க ஒன்றரை மணித்தியாலம். மெசினில் தையல் வேலை 12 மணித்தியாலம். ஓரம் மடித்துக் கையால் முடிக்க 2 மணித்தியாலம். மொத்தம் ஏறக்குறைய 19 மணித்தியாலம். அதில் வெட்டும் வேலை ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவு.

அடுத்ததாகத் தையல் மெசின்களைப் பார்த்தோம். இரண்டு மெசின். பெண்கள் பின்னேரத்தில் நான்கு மணித்தியாலம் வேலை செய்கிறார்கள், மாதத்தில் 20 நாள். ஆகவே மாதத்துக்கு மெசின் நேரம் 160 மணித்தியாலம். ஒரு போர்வைக்கு 12 மணித்தியாலம் தையல் என்றால் 13 போர்வைக்கு மேல் எப்படியும் வராது. அவரிடம் 12 வந்துகொண்டிருந்தது.

வெட்டும் அக்காவுக்கும் மாதம் 80 மணித்தியாலம் இருக்கிறது. 12 போர்வைக்கு அயன் பண்ணி, அடுக்கி, வெட்ட அவருக்குத் தேவைப்படுவது 61 மணித்தியாலம்தான். மிச்ச நேரத்தில் அவர் நூல் கோத்துக் கொடுக்கிறார், பஞ்சு விரிக்கிறார். வெட்டிய துணி தையல் மெசினுக்குப் பக்கத்தில் கட்டுக் கட்டாகக் கிடந்தது. மருமகன் அதைத் தினமும் தாண்டித்தான் நடந்தார். ஆனால் அது என்ன சொல்கிறது என்பதைக் கவனிக்கவில்லை.

சகோதரர்களே, ஒரு தொழிலில் சாமான் எந்த இடத்தில் தேங்குகிறதோ அந்த இடத்தில்தான் காசைப் போட வேண்டும். அதற்கு முந்திய இடத்தில் போட்ட காசு, தேக்கத்தை இன்னும் கூட்டும். வெட்டும் மெசின் வாங்கி வெட்டும் நேரத்தைப் பூச்சியமாக்கினாலும் அவருக்கு மாதம் 12 போர்வைதான் வந்திருக்கும். வெட்டிய துணிக் கட்டு மட்டும் கூரையைத் தொட்டிருக்கும்.

இடையில் இருக்கும் மலிவான வழி

கத்தரிக்கோலுக்கும் டை மெசினுக்கும் நடுவே இன்னொரு கருவி இருக்கிறது. ரொட்டரி கட்டர். பீட்ஸா வெட்டும் சில்லைப் போன்ற வட்டக் கத்தி. ஜப்பானின் ஓல்பா நிறுவனம் 1979இல் இதை அறிமுகம் செய்தது. கீழே ஒரு தடித்த விரிப்பு, மேலே கண்ணாடி போன்ற பிளாஸ்ரிக் அடிமட்டம். நான்கு மடிப்புத் துணியை வைத்து ஒரே இழுப்பில் வெட்டலாம். உலகில் போர்வை தைக்கும் தொழிலை மாற்றிய கருவி உண்மையில் இதுதான்.

எமக்குத் தெரிந்த ஒரு தையற்காரரிடம் இரவலாக வாங்கிப் பரீட்சித்தோம். முதல் நாள் கோணல். இரண்டாம் நாள் கை பழகியது. மூன்றாம் நாள் 216 துண்டையும் 75 நிமிடத்தில் வெட்டினார் அந்த அக்கா.

டை மெசின் எம்மிடம் இல்லை. ஆனால் முகவர் செய்து காட்டியபோது மருமகன் நேரம் பார்த்திருந்தார். ஆறு மடிப்பை ஒழுங்காக அடுக்கி, உருளையில் அனுப்பி, எடுத்து வைக்க ஒரு தடவைக்கு ஒன்றரை நிமிடம். 216 துண்டுக்கு 36 தடவை, ஆக 54 நிமிடம். 55 என்று வைத்துக்கொள்வோம்.

கத்தரிக்கோல் 216 நிமிடம், ரொட்டரி கட்டர் 75 நிமிடம், டை மெசின் 55 நிமிடம். பெரிய பாய்ச்சல் முதலாவது படியிலேயே முடிந்துவிடுகிறது. இரண்டாவது படியில் மிஞ்சுவது 20 நிமிடம்தான். ஏனென்றால் டை மெசினில் வெட்டு ஒரு நொடிதான், நேரம் போவது துணியை அடுக்குவதில். அதுவும் முழுத்துணி அல்ல, ஒன்றுக்கொன்று அளவு ஒவ்வாத வெட்டுத்துண்டு.

இனி ரூபாவில் பார்ப்போம். 2024 செப்டெம்பரில் தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 1,350 ரூபா என வர்த்தமானியில் வந்தது. அதையும் அதன் பின் வரும் உயர்வையும் மனதில் கொண்டு, கணக்குக்காக ஒரு மணித்தியாலக் கூலி 200 ரூபா என்று வைத்தோம்.

ரொட்டரி கட்டர், விரிப்பு, அடிமட்டம், மேலதிகக் கத்திகள் எல்லாம் 20,000 ரூபா என்று கொள்வோம். ஒரு போர்வைக்கு 141 நிமிடம் மிச்சம், அதாவது 470 ரூபா. 43 போர்வையில் போட்ட காசு திரும்பிவிடும். மாதம் 12 என்றால் நான்கு மாதத்துக்குள்.

முகவர் சொன்ன டை மெசின், நான்கு அச்சு, இரண்டு தட்டு எல்லாம் சேர்த்து 250,000 ரூபா. கத்தரிக்கோலோடு ஒப்பிட்டால் போர்வைக்கு 161 நிமிடம், 537 ரூபா மிச்சம். 466 போர்வை, மூன்று வருடத்துக்கு மேல். முகவர் காட்டிய கணக்கு இதுதான். இதுவே பார்க்க மோசமில்லை. ஆனால் ரொட்டரி கட்டரோடு ஒப்பிட்டால் மிச்சம் 20 நிமிடம், 67 ரூபா. காசு திரும்ப 3,750 போர்வை தைக்க வேண்டும். மாதம் 12 என்றால் 26 வருடம்!

விற்பவர் எப்போதும் தன் மெசினை உங்களிடமுள்ள மிகப் பழைய முறையோடுதான் ஒப்பிட்டுக் காட்டுவார். அதில் பொய் இல்லை. ஆனால் அடுத்த மலிவான வழியோடு ஒப்பிட்டுப் பார்ப்பது வாங்குபவரின் கடமை.

விலைச்சீட்டில் இல்லாத செலவுகள்

மெசினின் விலையை மட்டும் பார்த்து ஏமாறக்கூடாது. நாம் எழுதி வைத்தவை இவை.

1. ஒவ்வொரு வடிவத்துக்கும் ஒவ்வோர் அச்சு வேண்டும். ஐந்தரை அங்குலச் சதுரத்துக்கு வாங்கிய அச்சு நாலரை அங்குலத்துக்கு உதவாது. வாடிக்கையாளர் அளவை மாற்றினால் அச்சையும் மாற்ற வேண்டும். ரொட்டரி கட்டருக்கு அடிமட்டத்தை நகர்த்தினால் போதும்.

2. மேல் தட்டு தேயும். ஒவ்வொரு வெட்டிலும் கத்தியின் தடம் அதில் விழும். தேய்ந்தால் நூல் அறாது. அது மாற்ற வேண்டிய செலவு.

3. துணி வீண்போகும். ஐந்தரை அங்குல அச்சின் மேல் வைக்க ஆறு அங்குலத் துண்டாவது வேண்டும். 36 சதுர அங்குலத்தில் பயன்படுவது முப்பதேகால். ஏறக்குறைய 16 வீதம் கழிவு. ஆறு அங்குலம் வராத துண்டு முழுவதுமே கழிவு. கிலோவுக்குக் காசு கொடுத்து வாங்கும் நமக்கு இது சிறிய விடயமல்ல.

4. துணியின் நீள இழை உருளைக்குள் போகும் திசையில் இருக்க வேண்டும். குறுக்கே வைத்தால் துணி இழுபட்டு, வெட்டிய சதுரம் சதுரமாக இராது. கரை இல்லாத வெட்டுத்துண்டில் இழை பார்ப்பதற்கும் நேரம் வேண்டும்.

5. மின்சாரத்தில் ஓடும் பெரிய மெசின் என்றால் வோல்ட் பாருங்கள். அமெரிக்கப் பாவனைக்கானவை 110 முதல் 120 வோல்ட். நமது நாட்டில் 230. 2022 மார்ச் இறுதியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு இருந்ததையும் நாம் மறந்துவிடவில்லை. கைப்பிடி மெசினுக்கு இந்தப் பிரச்சினை இல்லை.

6. இறக்குமதி. 2022இல் டொலர் 200 ரூபா அளவிலிருந்து 360 ரூபா வரை ஏறியதை எல்லா வியாபாரிகளும் கண்டோம். 2024 ஜனவரியில் வற் வரி 18 வீதமானது. மெசினை இன்று வாங்கிவிடலாம். ஆனால் அச்சும் தட்டும் பிறகும் டொலரில்தான் வர வேண்டும்.

7. நமது ஊர்ப் பனியும் மழையும். உருக்குத் தகடு கறள் பிடிக்கும். கறள் வெள்ளைத் துணியில் பட்டால் போர்வையே போச்சு. பாவித்ததும் துடைத்து, காய்ந்த இடத்தில் வைக்க வேண்டும்.

அப்படியானால் இந்த மெசின் வீணா?

அப்படிச் சொல்ல மாட்டேன். கொலர் வெட்டும் டையின் பாடத்தைத் திரும்ப நினைவுபடுத்துங்கள்.

நேர்க்கோட்டுச் சதுரத்துக்கு அடிமட்டம் போதும். வட்டம், இலை, பூவிதழ் போன்ற வடிவங்களுக்கு அடிமட்டம் உதவாது. அங்கே டை மெசின் உண்மையாகவே வேகம். வெட்டும் ஆளின் கைத்திறனிலும் அது தங்கியிருக்காது. இன்று வேலைக்கு வந்தவர் வெட்டினாலும் பத்து வருட அனுபவம் உள்ளவர் வெட்டினாலும் ஒரே அளவு. அளவு என்பது சிறிய விடயமல்ல. ஒரு சதுரம் அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு கூடினால் கண்ணுக்குத் தெரியாது. அப்படி 12 சதுரத்தை வரிசையாகத் தைத்தால் முக்கால் அங்குலம் கூடிவிடும். அடுத்த வரிசையோடு பொருந்தாது. பிரித்துத் தைக்கும் நேரம் யார் கணக்கிலும் வருவதில்லை, ஆனால் கூலியில் வந்துவிடும்.

இன்னொரு காரணமும் உண்டு. வெட்டும் அக்கா இருபது வருடத்துக்கு மேல் கொழுந்து பறித்தவர். மழைநாளில் விரல் மடங்காது என்பார். வெளிநாடுகளிலும் மணிக்கட்டு நோவு, மூட்டு வாதம் உள்ளவர்கள் பலர் இந்தக் காரணத்துக்காகவே டை மெசின் வாங்குகிறார்கள். ரொட்டரி கட்டரும் மணிக்கட்டை அழுத்தும். ஒருவரின் கை வேலை செய்ய முடியாமல் போகும் என்றால், அந்த இடத்தில் 67 ரூபாக் கணக்கு மட்டும் போதாது. இதை மருமகனிடம் சொன்னேன். அவர் அந்த அக்காவிடமே கேட்டார். “இப்போதைக்குச் சமாளிக்கலாம் தம்பி, அயன் வேலையைப் பாதியாகப் பிரிச்சுக் குடுங்க” என்றார். அயன் பண்ணும் வேலைதான் அவருக்குக் கூடுதல் கஷ்டம் என்பது எங்கள் இருவருக்கும் அதுவரை தெரியாது.

வாங்காமலேயே பாவிக்கும் வழி

நுவரெலியா விடுதிக்காரர் ஒருவர், போர்வையின் ஓரத்தில் ‘இரண்டு இலையும் ஒரு மொட்டும்’ வடிவம் வைத்துத் தரும்படி கேட்டிருந்தார். ஒரு போர்வைக்கு 20 இலை வடிவம். கத்தரிக்கோலால் கீறி வெட்ட ஒன்றுக்கு நான்கு நிமிடம், மொத்தம் 80 நிமிடம். ரொட்டரி கட்டர் இங்கே தோற்றுவிடுகிறது. இது டை வேலைதான்.

ஆனால் டை வேலை இருக்கிறது என்பதற்காக டை மெசினை நாமே வாங்க வேண்டும் என்பதில்லை. பாதணி, தோல்பை செய்யும் பட்டறைகளில் கிளிக்கர் பிரஸ் இருக்கிறது. வேலை குறைந்த நாளில் கூலிக்கு வெட்டித் தருவோரும் உண்டு. நமது இலை வடிவத்துக்கு ஓர் அச்சை இங்கேயே செய்விக்கலாம். துணிக்கு என்று முன்கூட்டியே சொல்ல வேண்டும். காகிதம் வெட்டும் கத்தியில் துணியின் நூல் முழுதாக அறாது. அச்சுக்கு 15,000 ரூபா, ஒரு துண்டு வெட்ட 5 ரூபா கூலி என்று வைத்துப் பாருங்கள். போர்வைக்கு 100 ரூபா செலவு, மிச்சமாகும் நேரத்தின் பெறுமதி 267 ரூபா. மீதி 167. 90 போர்வையில் அச்சின் விலை வந்துவிடும். மாதம் 12 என்றால் ஏழரை மாதம். ஓடர் நின்றுபோனாலும் நட்டம் ஓர் அச்சு மட்டுமே, மெசினல்ல.

கையால் செய்த சாமானின் விலை

இன்னொரு பக்கத்தையும் வியாபாரி என்ற வகையில் பார்க்க வேண்டும். கர்நாடகாவின் உத்தர கன்னட மாவட்டத்தில் சித்தி மக்கள் வாழ்கிறார்கள். ஆபிரிக்க வம்சாவளியினர். முஸ்லிம்கள், இந்துக்கள், கிறிஸ்தவர்கள் என மூன்று சமயத்தவரும் அவர்களில் உண்டு. அந்தப் பெண்கள் பழைய உடுப்புகளைத் துண்டாக்கி ‘கவண்டி’ என்ற போர்வையைக் கையால் தைக்கிறார்கள். ஓரத்திலிருந்து தொடங்கி நடுவை நோக்கித் தைத்துக்கொண்டு போவார்கள். அளவுச் சதுரம் கிடையாது. ஒன்றைப் போல இன்னொன்று இராது. இன்று அவை வெளிநாட்டுக் கண்காட்சிகளுக்கும் போகின்றன.

அந்தப் போர்வையை டை மெசினில் வெட்டி நேராக்கினால் அதன் பெறுமதி போய்விடும். உங்கள் வாடிக்கையாளர் எதற்குக் காசு தருகிறார் என்பதை முதலில் அறியுங்கள். விடுதிக்காரருக்கு 20 கட்டிலுக்கும் ஒரே மாதிரி வேண்டும். சுற்றுலாப் பயணிக்கு ஒன்றுதான் வேண்டும், அது கையால் செய்ததாகத் தெரிய வேண்டும். முதலாமவருக்கு மெசின் உதவும். இரண்டாமவருக்கு மெசினால் விலை இறங்கும்.

நானும் ஒரு முறை விழுந்தவன்

இதையெல்லாம் பெரிய அறிவாளி போல எழுதுகிறேன் என்று நினைக்க வேண்டாம். பல வருடங்களுக்கு முன் பாடசாலைச் சீருடைத் தையலை நம்பி, தவணைக்கு ஒரு பொத்தான்துளை மெசின் வாங்கினேன். பாடசாலை தொடங்கும் ஜனவரியில் மெசின் ஓய்வில்லாமல் ஓடியது. டிசம்பரிலும் ஓடியது. மற்றப் பத்து மாதமும் துணி போர்த்தி வைத்திருந்தேன். தவணை மட்டும் பன்னிரண்டு மாதமும் வந்தது. அதே துளையைக் கூலிக்குப் போட்டுத்தர அயலூரில் ஒருவர் இருந்தார். அவரிடம் கொடுத்திருந்தால் வருடச் செலவு இரண்டு தவணைக் காசைத் தாண்டியிராது. கடைசியில் அந்த மெசினை அரை விலைக்கு விற்றேன். அந்த ஞாபகம்தான் மருமகனின் பற்றுச்சீட்டைக் கண்டதும் வந்தது.

அவர் என்ன செய்தார்?

முகவரிடம் முற்பணத்தைத் திருப்பிக் கேட்டார். சீட்டின் கீழே சின்ன எழுத்தில் ‘மீளளிக்கப்பட மாட்டாது’ என்று இருந்தது. அந்த 25,000 ரூபா போனது போனதுதான். ராத்தா அதை இன்றும் சொல்லிக்காட்டுவார். ஆனால் 25,000 போய்விட்டதே என்பதற்காக இன்னும் 225,000 ரூபாவைப் போடாமல் இருந்தாரே, அதுதான் இந்தக் கதையில் அவர் செய்த மிக நல்ல வியாபாரம்.

20,000 ரூபாவுக்கு ரொட்டரி கட்டர் சாமான்கள் வாங்கினார். 55,000 ரூபாவுக்குப் பாவித்த தையல் மெசின் ஒன்று வாங்கினார். அதில் இன்னொரு பெண்ணுக்கு வேலை கிடைத்தது. மெசின் நேரம் 240 மணித்தியாலமானது. மாதம் 12 ஆக இருந்தது 18 ஆனது. கத்தரிக்கோலிலேயே இருந்திருந்தால் 18 போர்வைக்கு வெட்டும் அக்காவால் ஈடுகொடுத்திருக்க முடியாது. ஆகவே கட்டரும் தையல் மெசினும் சேர்ந்துதான் வேலை செய்தன. மீதிக் காசில் வெட்டுத்துண்டை மொத்தமாக எடுத்ததால் கிலோ விலையும் சற்று இறங்கியது.

இப்போது புதிய தேக்கம் விற்பனையில். ஏப்ரல் வசந்த காலத்தில் எல்லாம் போனது. மழை தொடங்கியதும் ஒன்பது போர்வை அலுமாரியில் தங்கிவிட்டது. இனி அவர் காசையும் காலையும் போட வேண்டிய இடம் விடுதிகளின் வாசல்.

டை மெசின் பற்றி இன்னும் கேட்கிறார். நாங்கள் ஓர் எல்லை போட்டு வைத்திருக்கிறோம். ரொட்டரி கட்டரோடு ஒருவர் மாதம் 29 போர்வைக்கு அயன் பண்ணி வெட்டலாம். டை மெசின் வந்தால் அது 33 ஆகும், அவ்வளவுதான். ஆகவே சதுரப் போர்வைக்காக அதை வாங்குவதில்லை. இலை வடிவ ஓடர் ஆறு மாதம் விடாமல் வந்து, கூலிக்கு வெட்டும் செலவு மெசின் விலையின் மாதப் பங்கைத் தாண்டினால் அன்று வாங்குவோம்.

மெசின் வாங்க நினைக்கும் எவரும் ஐந்து கேள்விகளை ஒரு தாளில் எழுதிப் பதில் போடுங்கள். சாமான் இப்போது எங்கே தேங்குகிறது? இந்த மெசின் அந்த இடத்துக்குரியதா? இதைவிட மலிவான அடுத்த வழியோடு ஒப்பிட்டால் ஒன்றுக்கு எவ்வளவு மிச்சம்? அந்த மிச்சத்தில் போட்ட காசு எத்தனை மாதத்தில் திரும்பும்? அதே வேலையைக் கூலிக்குச் செய்து தர ஆள் உண்டா? ஐந்துக்கும் எண்ணோடு பதில் எழுத முடிந்தால் முற்பணம் கட்டுங்கள். முடியாவிட்டால் கடிகாரத்தை எடுத்துக்கொண்டு வேலை நடக்கும் இடத்தில் மூன்று நாள் இருங்கள். அதற்குக் காசு செலவில்லை.